பள்ளிப் பிள்ளையின் காய்ச்சலும் தாயின் ஒருநாட் பேரும்

பிள்ளைச் செல்வமே பெருஞ்செல்வம் என்று பேசாத தமிழர் இல்லை. மேடைதோறும் பேசுகின்றோம், மணவீடுதோறும் வாழ்த்துகின்றோம். ஆனால் அந்தப் பிள்ளை காய்ச்சல் என்று படுத்துவிட்டால் யாது செய்வது, எத்தனை நாள் பாடசாலைக்கு அனுப்பாமல் வைத்திருப்பது, எந்த வேளையில் ஆசுபத்திரிக்குத் தூக்கிச்செல்வது என்று கேட்டால், தயங்காமல் விடை கூறக்கூடியவர் நம்முள் எத்தனை பேர்? நகரத்துப் பெற்றோருக்கு இக்கேள்வி வைத்தியரிடம் கேட்டுத் தெளியவேண்டிய ஒன்று. பதுளை, பசறை, லுணுகலை, மடூல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லாந்தை எனப் பரந்து கிடக்கும் ஊவாவின் தோட்டங்களில் வாழும் பெற்றோருக்கோ இது கூலியோடும் மொழியோடும் உரிமையோடும் பின்னிப் பிணைந்த கேள்வி. அரசியல் வார ஏடு ஒன்று காய்ச்சலையும் சிரங்கையும் பற்றித் தலையங்கம் எழுதுவதா என்று வினவும் நண்பர்களுக்கு நாம் கூறும் விடை இதுவே.

சில காலத்துக்குமுன் பதுளை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றிற் கூட்டம் முடித்துத் திரும்புகையில் ஒரு தாய் நம்மை மறித்தார். சாமி படத்தின் பின்னே செருகி வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து, "ஐயா, இது என்ன கடுதாசி என்று பாருங்க, பள்ளிக்கூடத்துல கொடுத்தாங்க" என்றார். சிங்களத்தில் எழுதப்பட்ட காகிதம். பாடசாலையில் நடந்த வைத்தியப் பரிசோதனையில் அவருடைய மகளின் இருதயத்தில் மாறான ஓசை கேட்டதாகவும், குறித்த திகதிக்குள் பெரியாசுபத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. அத்திகதி கழிந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன! ஏதோ பணம் கட்டிய ரசீது என்றெண்ணிப் பத்திரமாக வைத்திருந்தாராம் அத்தாய்.

அவர் கவனமற்றவரா? காகிதத்தைக் கிழித்தெறியாமல் தெய்வத்தின் படத்தருகே வைத்துக் காத்தவர் அவர். வைத்தியர் கடமை தவறினாரா? அவர் தோட்டத்துக்கு வந்தார், பரிசோதித்தார், நோயைக் கண்டார், எழுதியும் கொடுத்தார். தாயும் தம் கடமையைச் செய்தார், வைத்தியரும் செய்தார். இருவருக்கும் இடையே ஒரு மொழி நின்றது. எட்டு மாதங்கள் பறிபோயின. நற்காலமாக அப்பிள்ளை பிழைத்தது. தொண்டைப் புண்ணைக் கவனியாது விட்டதனால் வந்த இருதயநோய் என்று வைத்தியர் கண்டு, வாரக் கணக்கு வைத்து ஊசி போடச் செய்தார். பிழையாத பிள்ளைகள் எத்தனையோ! அவர்களின் கணக்கை எழுதுவோர் யார்?

சட்டம் கண்ட பிள்ளையும் காணாத பிள்ளையும்

தோட்டத் தொழிலாளரின் சுகநலம் பற்றி இந்நாட்டுச் சட்டம் பேசத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டங்களுக்கு வைத்திய வசதி செய்வதற்கெனச் சட்டம் பிறந்தது. 1912இன் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் இன்னும் திட்டமாகப் பேசிற்று. லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத்துரையின் கடமை. தோட்டத்தில் யார் யார் நோயுற்றுள்ளனர் என்று அறிந்துகொள்வது அவர் கடமை. கடும் நோயெனில் வைத்தியரை அழைப்பது அவர் கடமை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க போஷாக்குக் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அவர் கடமை. துரைமார் இவற்றை எவ்வளவு நிறைவேற்றினர் என்பது வேறு கதை. ஆயினும் சட்டம் கடமையை ஒரு மனிதரின் தலையிற் சுமத்திற்று என்பதை மறுக்கவியலாது.

இச்சட்டத்தை வாசிக்கும் சட்டவறிஞர் எவருக்கும் ஓர் ஓட்டை புலப்படும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைச் சட்டம் கண்டது; வேலை செய்யும் உடலையும் கண்டது. இடையிலே நிற்கும் பள்ளிப் பிள்ளையை அது தனியே காணவில்லை. 1907இன் சட்டமும் 1920இன் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுமாறு துரையைப் பணித்தன. பாடம் கேட்க வரும் பிள்ளை பசியோடு வருகிறதா, காய்ச்சலோடு வருகிறதா என்று அவை கேட்டனவா?

அந்த ஓட்டை இன்றும் அடைபடவில்லை. ஐந்து வயது வரை பிள்ளையைக் குடும்பநல மருத்துவிச்சி நிறுத்துப் பார்க்கிறார்; ஊசி போடச் செய்கிறார்; பதிவேட்டிற் குறித்து வைக்கிறார். பள்ளிப் படியேறியதும் அக்கண் அகன்றுவிடுகின்றது. 1926இற் களுத்துறையில் முதன்முதல் அமைந்த சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்ததே இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி முறை. இந்நாட்டுக்குப் பெருமை தேடித்தந்த முறை அது. அதன்படி இருநூறு பிள்ளைகளுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் 1, 4, 7, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளும், சிறிய பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் பரிசோதிக்கப்படவேண்டும். ஏட்டில் இது சிறந்த ஏற்பாடு. ஆனால் பெரிய பாடசாலையில் முதலாம் வகுப்பிற் பார்த்த பிள்ளையை வைத்தியர் மறுபடி காண்பது நான்காம் வகுப்பில். இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பிள்ளையைக் காப்போர் பெற்றோரும் ஆசிரியருமே அன்றி வேறில்லை.

தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் பணி 1990களில் தொடங்கிற்று, அது முற்றுப்பெறவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்றது 1970களில். தோட்டங்களை ஏற்றது 1972இலும் 1975இலும். கம்பனிகளிடம் நிர்வாகத்தை மீண்டும் ஒப்படைத்தது 1992இல். கைமாறிக் கைமாறி வந்ததில், நோயுற்ற பள்ளிப் பிள்ளை யாருடைய பொறுப்பு என்பது மட்டும் எவராலும் தெளிவாக எழுதப்படவில்லை.

விளைவு யாது? 2016இல் நடத்தப்பட்ட மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17. தோட்டத்துறையில் நூற்றுக்கு 32. அன்று தொட்டிலிலும் பிள்ளைக் காம்பராவிலும் கிடந்த அக்குழந்தைகளே இன்று நமது பாடசாலை வாங்குகளில் அமர்ந்திருக்கும் மாணவர். மெலிந்த உடலுக்கு வரும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் கொழுத்த உடலுக்கு வருவனபோல் அல்ல. அவை இருப்பதையும் கரைத்துச் செல்கின்றன.

பெற்றோர் அறியவேண்டியவை

அரசாங்கத்தின்மேலும் கம்பனியின்மேலும் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் ஓய்ந்திருத்தல் தகாது. அவர்கள் திருந்தும்வரை பிள்ளையின் காய்ச்சல் காத்திராது. ஆகவே பெற்றோர் தாமே செய்யக்கூடியவற்றை, வைத்தியத்துறையினர் ஒப்புக்கொண்ட முறையில், இங்கே தொகுத்துக் கூறுகின்றோம். எழுத்தறிந்தோர் இதனை வாசித்து அயல் வீட்டாருக்கும் சொல்லுதல் வேண்டும்.

முதலாவது காய்ச்சல். காய்ச்சலோடு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பலாகாது. மருந்து கொடாமலே காய்ச்சல் விட்டு ஒருநாள் முழுதும் கழிந்த பின்னரே அனுப்புதல் வேண்டும். காலையிற் பரசிட்டமோல் கொடுத்துக் காய்ச்சலைத் தணித்து அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது பிள்ளையையும் வாட்டும். பக்கத்து வாங்குப் பிள்ளைக்கும் நோயைக் கொடுக்கும். இருபது கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையிற் பாதி போதும். ஆறு மணி நேரத்துக்குள் மறுமுறை கொடுக்கலாகாது. ஒருநாளில் நான்கு முறைக்கு மேலும் கூடாது. கடையிற் கேட்டு வாங்கும் வேறு காய்ச்சல் மாத்திரைகளும் நோவு மாத்திரைகளும் வேண்டா. டெங்குவாக இருந்தால் அஸ்பிரினும் இபுப்புரொபனும் இரத்தப்பெருக்கை உண்டாக்கிப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து விளைக்கும்.

டெங்குவில் மற்றொரு வஞ்சகமும் உண்டு. காய்ச்சல் விட்டதும் நோய் தீர்ந்தது என்று நாம் மகிழ்கின்றோம். அந்நோயில் ஆபத்து வருவது காய்ச்சல் விடும் அவ்வேளையிலேதான். மூன்றாம் நாளிலும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் வேண்டும். வயிற்றுநோவு, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், மூக்கிலோ முரசிலோ இரத்தம் கசிதல், பிள்ளை சோர்ந்து துவளுதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரத்திலேயே ஆசுபத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். வலிப்பும் மூச்சு வாங்குதலும் கழுத்து விறைத்தலும் அவ்வாறே. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் அரசாங்கத்தின் நோயாளர் வண்டி வரும். அதற்குக் கட்டணம் இல்லை. லயத்து வாசலுக்கு வண்டி ஏறாதாயின், எந்த வளைவு வரை வரும் என்பதை நோய் வருமுன்னரே அறிந்து வைத்திருங்கள்.

இரண்டாவது வயிற்றோட்டமும் வாந்தியும். வயிறு போகும்போது சோற்றையும் தண்ணீரையும் நிறுத்தும் பழைய வழக்கம் பிள்ளையைக் கொல்லும் வழக்கம். நோயைவிட நீரிழப்பே பிள்ளையை வீழ்த்துகின்றது. கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் ஒரு ஜீவனிப் பொதியைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஒருநாள் கடந்த கரைசலை ஊற்றிவிடுங்கள். கஞ்சியும் சோறும் கொடுங்கள். வயிற்றோட்டம் நின்று இரண்டு நாள் கழியும்வரை பாடசாலை வேண்டா. பீலித் தண்ணீர் பளிங்குபோல் தெளிவாயிருக்கலாம். மேலே உள்ள லயத்துக் கழிவும் அதே மலைச்சரிவில்தான் இறங்குகின்றது. நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் கண்ணுக்குத் தெரியாமல் அந்நீரிலேயே வருகின்றன. செங்கமாரி கண்ட பிள்ளை, கண் மஞ்சளான நாளிலிருந்து ஒரு வாரமேனும் வீட்டில் இருத்தல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாச் சூறாவளி மலைச்சரிவுகளைப் புரட்டியபோது நீருற்றுகளும் குழாய்களும் சிதைந்தன. அத்தகைய காலத்தில் நீரைக் கொதிக்கவைக்கும் விறகுக்குக் கணக்குப் பார்த்தல் கூடாது.

மூன்றாவது அம்மை நோய்கள். கொப்புளிப்பான் கண்டால் அம்மாள் வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை கட்டுகின்றோம். அதனை நாம் பழிக்கமாட்டோம். வேப்பிலை கண்டு அயலார் உள்ளே வராமல் நிற்பதும், தண்ணீர் வார்க்கும்வரை பிள்ளை வெளியே செல்லாதிருப்பதும் நோய் பரவாமற் காத்த முன்னோர் ஒழுங்கே. கொப்புளங்கள் யாவும் உலர்ந்து பொருக்கு ஆகும்வரை பாடசாலைக்கு அனுப்பாதீர்கள் என்று இன்றைய வைத்தியமும் சொல்லுகின்றது. ஆனால் வேப்பிலை கட்டியபின் வைத்தியரிடம் செல்லலாகாது என்பது மட்டும் தவறு. பிள்ளை மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ அம்மாளை வணங்கிவிட்டு ஆசுபத்திரிக்குச் செல்லுங்கள், அம்மாள் கோபிக்கமாட்டாள். சின்னமுத்து கண்டால் தடிப்பு வந்து நான்கு நாளும், கூகைக்கட்டு எனில் வீக்கம் கண்டு ஐந்து நாளும் பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள். சின்னமுத்து ஒழிந்தது என்று 2019இற் சான்றிதழ் பெற்ற இந்நாட்டில் 2023இல் அது மறுபடி தலைகாட்டிற்று. ஊசி தப்பிய பிள்ளைகளை அது தேடிப் பிடித்தது என்பதை மறவாதீர்கள். ஐந்து வயதில் ஓர் ஊசி, ஆறாம் வகுப்பிற் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, ஏழாம் வகுப்பில் ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பனுக்கும் எதிரான ஊசி. இவை பாடசாலைப் பருவத்துக்கு உரியவை. பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் பதிவேட்டைப் பிள்ளை பள்ளிவிட்டு நீங்கும்வரை காத்து வைத்திருங்கள்.

நான்காவது சொறி சிரங்கு. ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. பத்தடி அறையில் ஆறுபேர் படுத்துறங்கும் லயத்தில், வீட்டார் அனைவரும் ஒரே இரவிற் பூசிக்கொள்ளுதல் வேண்டும். வைத்தியர் சொன்னபடி ஒரு வாரத்தில் மறுமுறையும் பூசுதல் வேண்டும். போர்வையையும் உடையையும் சுடுநீரில் அலசி வெயிலிற் காயவைத்தல் வேண்டும். முதற்பூச்சு முடிந்த மறுநாள் பிள்ளை பாடசாலைக்குச் செல்லலாம். பேனுக்காகப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து திருப்பியனுப்புதல் அநியாயம். பலர் முன்னிலையில் தலையைப் பிரித்துக் காட்டி அவமானப்படுத்துவது அதனினும் அநியாயம்.

ஐந்தாவது, நாம் அற்பமென்று விடும் தொண்டைநோவு. ஐந்து முதற் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை புண்ணாகி, சில வாரங்களிற் பின் முழங்காலும் கணைக்காலும் மாறி மாறி வீங்கினால் அது வளர்ச்சிநோவு அன்று. மூட்டைத் தொட்டு இருதயத்தைக் கடிக்கும் வாதக் காய்ச்சலாக இருக்கக்கூடும். வேளைக்குக் கொடுக்கும் பெனிசிலின் அதனைத் தடுக்கும். வந்துவிட்டாலோ மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பல்லாண்டு ஊசி போடுதல் வேண்டும், ஒருமுறையும் தவறலாகாது. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலையும் அற்பமாக எண்ணாதீர்கள். சளிப் பரிசோதனையும் சயரோக மருந்தும் இந்நாட்டில் இலவசம். ஆறுமாத மருந்தை நடுவில் நிறுத்துவதே பேராபத்து.

ஆறாவது சோகை. நாடு முழுவதும் பருகும் தேயிலையைக் கொய்யும் கைகளுக்குப் பிறந்த பிள்ளை வெளிறிய உதட்டோடு இருக்கின்றது. சோறு உண்டவுடன் சாயத்தண்ணீர் குடிக்கும் வழக்கம் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடலிற் சேரவிடாது. உண்டபின் ஒரு மணி நேரமேனும் கழித்துத் தேநீர் கொடுங்கள். கீரையிலே தேசிக்காய் பிழியுங்கள்; கொய்யாவும் நெல்லியும் கிடைக்குமிடத்திற் கொடுங்கள். இவற்றால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். மற்றொரு காரணம் கொக்கிப்புழு. மலங்கலந்த மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறிக் குடலிலே தங்கி இரத்தம் குடிப்பது அது. ராக்ஃபெல்லர் நிதியத்தார் 1916இல் மாத்தளைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். புழுவுக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, மலசலகூடம் கட்டினாலன்றிப் புழு மறுபடி ஏறும் என்று அன்றே உணர்ந்தனர். நூறாண்டு சென்றும் அப்பாடத்தை நாம் கற்கவில்லையே! பாடசாலையிற் கொடுக்கும் பூச்சி மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் பிள்ளை விழுங்குகிறதா என்று பாருங்கள்; வேலியோரம் எறியும் பிள்ளைகளும் உண்டு.

ஒரு நாளின் விலை

இவ்வளவும் கூறியபின் தோட்டத்துத் தாய் நம்மைத் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள் என்று சொல்கிறீர்கள். அன்றைக்குப் பேரை யார் போடுவது?"

இக்கேள்விக்கு விடை கூறாத சுகாதாரப் போதனை வெறும் போதனையே. பிரட்டுக்களத்தில் தலையைக் காட்டாத நாளுக்குச் செக்ரோலிற் பேரில்லை. பேரில்லாத நாளுக்குச் சம்பளமில்லை. பெரியாசுபத்திரிக்குச் சென்று வர பஸ் கூலியும் ஒருநாட் பொழுதும் போகும். அதனால்தான் காய்ச்சற் பிள்ளை பாடசாலைக்குச் செல்கின்றது. அல்லது லயத்து அறையிற் பூட்டப்படுகின்றது. அல்லது ஏழாம் வகுப்பிற் படிக்கும் அக்கா பாடசாலையை விட்டுத் தம்பிக்குக் காவலிருக்கின்றாள். ஒரு பிள்ளையின் நோய் இருவருடைய படிப்பைத் தின்கின்றது.

ஒப்பந்தங்கள் தாயைத் தண்டித்த வரலாற்றையும் சொல்லவேண்டும். 2016இற் கைச்சாத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. அதன்மேல் வரவுக் கொடுப்பனவு 60 ரூபா. வேலை வழங்கிய நாட்களில் நூற்றுக்கு 75 நாள் வராதோர் அவ்வரவுக் கொடுப்பனவை இழந்தனர். பிள்ளை டெங்குவோடு ஆசுபத்திரியிற் கிடந்த தாய்க்கும், காரணமின்றி நின்றவருக்கும் ஒரே கணக்கு! 2019 ஒப்பந்தம் அக்கொடுப்பனவை நீக்கிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் நாளொன்றுக்கு 200 ரூபா வரவு ஊக்கத்தொகை முன்மொழியப்பட்டது. தொகை உயர்வதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் வரவுக்கு விலை கூறும்போதெல்லாம், நோயுற்ற பிள்ளையின் அருகிலிருந்த நாளுக்கு என்ன விலை என்பதையும் அதே தாளில் எழுதுதல் வேண்டும்.

தொழிற்சங்கங்களை, நமது நண்பர்களையும் உட்படுத்தியே, நாம் கேட்கின்றோம். ரூபாய்க் கணக்குக்காக வீதியில் இறங்கினோம், அது நியாயம். பிள்ளை நோய்க்கான சம்பள விடுமுறையை என்றேனும் கோரிக்கைப் பட்டியலின் முதற் பத்தில் எழுதினோமா? வைத்தியரின் துண்டைக் காட்டினால் ஆண்டுக்குச் சில நாட்களேனும் தாய்க்கோ தந்தைக்கோ முழுப்பேர் போடவேண்டும் என்பது கம்பனிகளை வீழ்த்திவிடும் கோரிக்கையா? தந்தைக்கோ என்று நாம் எழுதியதைத் தந்தைமார் கவனிப்பாராக. பிள்ளையை ஆசுபத்திரிக்குத் தூக்கிச்செல்லுதல் தாயின் தனிவேலை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு சொல். ஆண்டு முழுதும் ஒருநாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் பல பாடசாலைகளில் உண்டு. நல்லெண்ணத்தோடு தொடங்கியதே. ஆயினும் கூகைக்கட்டோடு வந்து பரிசு பெற்ற பிள்ளை, வகுப்புக்கே கூகைக்கட்டைப் பரிசளித்துச் செல்லும். புலமைப்பரிசில் வகுப்பில் நோயோடு பிள்ளைகளை இருத்தி வைக்கும் அவசரமும் இத்தகையதே. நோய்க்காக நின்ற நாளை வரவுக் குறையாகக் கொள்ளாது, தவறிய பாடத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதே அறம்.

மொழி ஒரு மருந்து

மீண்டும் அத்துண்டுக் கடிதத்துக்கு வருவோம். இந்நாட்டில் தமிழும் ஆட்சிமொழி என்று 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் கூறிற்று. நிர்வாக மொழியிலும் அதற்குரிய இடத்தை 1988இன் பதினாறாம் திருத்தம் வகுத்தது. அதன்கீழ் 1999 நவம்பரில் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தலிற் பதுளை, பண்டாரவளை, எல்ல, ஹல்துமுல்ல, ஹாலி-எல, அப்புத்தளை, மீகஹகிவுல, பசறை ஆகிய பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஆகவே தமிழ்த் தாயிடம் கொடுக்கும் வைத்தியத் துண்டைத் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்பது கெஞ்சிக் கேட்கும் சலுகையன்று, எழுதப்பட்ட சட்டம். மீறப்பட்டால், 1991இன் சட்டத்தால் அமைந்த ஆட்சிமொழிகள் ஆணைக்குழுவுக்கு எவரும் முறையிடலாம். முறையீட்டை எழுதத் தெரியாதோருக்கு எழுதிக் கொடுக்கச் சட்டம் பயின்ற நாமும் நம் தோழர்களும் கடமைப்பட்டுள்ளோம்.

சிங்கள வைத்தியர்மேல் நமக்குக் கோபமில்லை. நமுனுகுலைச் சரிவிலும் பூனாகலை மேட்டிலும் மழையிலே நடந்து வந்து நம் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவர் பலர் சிங்களப் பெண்களே. அவர்களுக்கு வேண்டியது இரண்டு மொழியிலும் அச்சடித்த ஒரு படிவம். அதில் நோயின் பெயர், செல்லவேண்டிய ஆசுபத்திரி, திகதி என்பன தெளிவாக இருந்தாற் போதும். அச்சுக்கூடம் செய்யக்கூடிய வேலை இது. அதனோடு, பதுளையிலும் பண்டாரவளையிலும் உயர்தரம் கற்று வேலையின்றி இருக்கும் நம் பெண்பிள்ளைகளை மருத்துவிச்சிப் பயிற்சிக்கும், ஆண்பிள்ளைகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பயிற்சிக்கும் எடுத்துக்கொண்டால், இரண்டு தலைமுறையின் துயரம் தீரும்.

1947இற் பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தொழிலாளரை நாடற்றோராக்கிற்று. வாக்கில்லாதவனின் பிள்ளைக்கு வைத்தியரும் இல்லை, வாத்தியாரும் இல்லை என்றாயிற்று. எஞ்சியோருக்கும் 2003இன் சட்டத்தாற் குடியுரிமை வந்தது. வாக்கு இப்போது கையில் இருக்கின்றது. வாக்கை வாங்க வருவோரிடம் மதுப்போத்தலையும் தகரக் கூரையையும் கேட்டது போதும். நமது பாடசாலையில் வைத்தியப் பரிசோதனை கடைசியாக நடந்தது எந்தத் திகதியில், கண்ணாடி எழுதிக் கொடுத்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கண்ணாடி கிடைத்தது, பாடசாலைக் குடிநீரைச் சோதித்தவர் யார், பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவும் தண்ணீரும் உண்டா என்று கேளுங்கள். 2019இல் ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபின் நெடுநாள் தேர்தல் இல்லாமற்போனது. சுகாதாரமும் கல்வியும் மாகாணத்தின் கையில் இருக்க, அக்கையைப் பிடித்துக் கேட்க ஆளில்லாத நிலை அது. கேட்பவர் இல்லாத இடத்திற் பெற்றோரே கேட்பவர் ஆதல் வேண்டும்.

தோட்டந்தோறும் மாதர் சங்கம் உண்டு, கோயிற் சபை உண்டு, வாசிகசாலை உண்டு. மாதத்தில் ஒருநாள், சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, இரண்டு மணி நேரம் ஒன்றுகூடுங்கள். பிள்ளைகளின் பதிவேடுகளைக் கொண்டுவரச் செய்யுங்கள். வாசிக்கத் தெரிந்த ஓர் இளைஞரைக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் வாசிப்பியுங்கள். தவறிய ஊசி எது, தவறிய திகதி எது, செல்லாத ஆசுபத்திரி எது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த திங்கட்கிழமை அவர்களை ஒன்றாக அழைத்துச் செல்லுங்கள். இதற்குச் சட்டமும் வேண்டா, சுற்றறிக்கையும் வேண்டா. சாமி படத்தின் பின்னே இன்னும் எத்தனை துண்டுக் காகிதங்கள் செருகிக் கிடக்கின்றனவோ, யாரறிவார்! இன்றிரவே ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துப் பாருங்கள்.